எச்சம் விழ வேண்டும், கால் விழக்கூடாது

போன மாரியில் எங்கள் வீட்டு வெள்ளைப் பேடு நொண்டத் தொடங்கியது. தூக்கிப் பார்த்தால் இடது பாதத்தின் நடுச்சதை கோலிக்குண்டு அளவுக்கு வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு ஒன்று. கூட்டுக்குள் கையை விட்டுத் தரையைத் தடவியபோதுதான் காரணம் புரிந்தது. மலிவு என்று நான் வாங்கி அடித்திருந்தது அறுகோணக் கண் உள்ள கோழிவலை. நாலு பேடுகளின் பாரத்தில் அது சாக்குப்போலத் தொய்ந்து, முறுக்கிய இடங்களில் கறள் பிடித்து முட்களாக நின்றது. தோலில் வழமையாகவே இருக்கிற ஸ்டஃபிலோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் ஒரு சிறு கீறல் வழியாக உள்ளே போனால் போதும், இந்தப் பாதப்புண் வந்துவிடும்.

பெயர் கோழிவலை என்றாலும் அது வேலிக்கான வலை. மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கும். வேலிக்கு அது நல்ல குணம், தரைக்கு ஆகாது. தரைக்கு வேண்டியது, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளைச் சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் வெல்ட் மெஷ்.

சரி, கம்பித் தரை எதற்கு? கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாக இருப்பது யூரிக்கமிலம். ஈரம் பட்டால் பற்றீரியாக்கள் அதை உடைத்து அமோனியா ஆக்கும். மழைநாளில் கூட்டைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி அதுதான். இரத்தக்கழிச்சல் இதைவிடப் பெரிய ஆபத்து. ஐமேரியா என்ற ஒட்டுண்ணி எச்சத்தோடு முட்டைபோன்ற உறைகளாக வெளியே வருகிறது. வெளிவந்த கணத்தில் அந்த உறையால் யாருக்கும் நோய் வராது. ஈரம், சூடு, ஒட்சிசன் மூன்றும் கிடைத்து, ஒன்றிரண்டு நாளில் உள்ளே முதிர்ந்த பிறகுதான் தொற்றும். திருகோணமலையின் ஐப்பசி, கார்த்திகைக்கு அந்த மூன்றும் குறைவில்லை. முதிர்வதற்குள் எச்சம் கோழியின் சொண்டுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடும். கம்பித் தரை செய்கிற வேலை இவ்வளவுதான், ஆனால் எந்த மருந்துக்கும் முந்திய வேலை.

அந்த வேலையைப் பலர் வீட்டில் பகல்பொழுது கெடுத்துவிடுகிறது. இரவு முழுக்க விழுந்த எச்சத்தை, காலையில் திறந்துவிட்ட கோழிகள் கூட்டுக்கு அடியில் போய்க் கிளறும். முழங்கால் உயரத்துக்குக் கூட்டைத் தூக்கியும் நோய் வருகிறதே என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடிப்பக்கத்தைச் சுற்றி மறையுங்கள். என் பழைய கோழிவலை இப்போது அங்கேதான் நிற்கிறது, அதற்கேற்ற வேலை கிடைத்திருக்கிறது.

அடுத்தது கண்ணின் அளவு. எச்சம் விழ வேண்டும், கால் விழக்கூடாது. இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். அரை அங்குலச் சதுரக் கண்ணில் குஞ்சுகள் சுகமாக நடக்கும். வளர்ந்த கோழியின் எச்சமோ அதில் அப்பிக்கொள்ளும். அதிலும் நாளில் சில தடவை வருகிற, குழம்புபோல ஒட்டும் மண்ணிறக் குடல்முளை எச்சம் கம்பியைவிட்டு இறங்கவே இறங்காது. ஓரங்குலச் சதுரம் என்றால் எச்சம் தாராளமாக விழும், ஆனால் நடுப்பாதத்துக்குத் தாங்கல் குறைவு, சின்னக் கோழியின் கால் உள்ளே போய்விடும். பெரிய பேடுகளுக்கு நான் தெரிந்தெடுப்பது ஓரங்குலத்துக்கு அரை அங்குலம். இந்த வலையில் ஒரு பக்கக் கம்பிகள் மேலேயும் மற்றப் பக்கக் கம்பிகள் கீழேயும் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாக ஓடும் கம்பிகள் மேலே வரும்படி விரியுங்கள். பாதம் தொடுவது அவற்றைத்தான். நெருங்கி இருந்தால் பாரம் கூடுதல் கம்பிகளுக்குப் பிரியும்.

கம்பியின் தடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர், 14 கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். கையில் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கோடு கூடுகிறது. தனிக் கம்பியாக எடுத்துப் பார்த்தால் 14 கேஜ், 16 கேஜைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பு. தடித்த கம்பியின் முதுகும் அகலம், அதனால் பாதத்தை அறுக்காது. தாங்கும் சட்டங்களுக்கு இடையிலான தூரம் இன்னும் பெரிய விஷயம். ஒரே பாரத்துக்குக் கம்பி தாழ்வது அந்தத் தூரத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். 4 அடி அகலக் கூட்டின் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து 2 அடியாக்கினால், தாழ்வு எட்டில் ஒன்றாகிவிடும். விலை உயர்ந்த வலையைவிட அந்த ஒரு மரத்துண்டு கூடுதலாக உதவும்.

இனி எங்கள் கடல். நான் இருப்பது உப்புவெளிப் பக்கம். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. இரும்புக் கம்பிக்கு மேலே பூசியிருக்கும் நாகம், அதாவது துத்தநாகம், இரண்டு விதமாகக் காக்கிறது. வளியில் இருக்கும் காபனீரொட்சைட்டோடும் ஈரத்தோடும் சேர்ந்து சாம்பல்நிறப் படலம் ஒன்றைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. கீறல் விழுந்தால் இரும்புக்கு முதல் தானே இலத்திரன்களைக் கொடுத்துக் கரைகிறது, இரும்பு தப்புகிறது. வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு அந்தப் படலத்தைக் கரையக்கூடிய சேர்வைகளாக மாற்றிவிடும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மேலிருந்து கடல் உப்பு, உள்ளே எச்சமும் அமோனியாவும். தம்பலகாமம் பக்கம் நாள் தாங்குகிற அதே வலை நிலாவெளிக் கரையில் சீக்கிரம் கறள் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பூச்சு எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். சில வலைகள் நாகம் பூசிய கம்பியை எடுத்து ஒட்டியவை. ஒட்டும் சூட்டில் சந்திப்புகளில் பூச்சு எரிந்துபோகும், கறள் அங்கேதான் தொடங்கும். மற்றவை ஒட்டி முடித்த வலையை 450 பாகை செல்சியஸ் அளவில் உருகிய நாகத்தில் அப்படியே தோய்த்து எடுத்தவை. சந்திப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருகிய புள்ளி இருந்தால் முதல் வகை. சொரசொரப்பாக, மூலையில் நாகம் திரண்டு நின்றால் இரண்டாம் வகை. கூட விலை கொடுத்தாலும் கரையோரத்துக்கு இரண்டாவதுதான். பிளாஸ்டிக் உறை போட்ட வலை பாதத்துக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கோழி கீறி உறை கிழிந்தால் உள்ளே ஈரம் தங்கிக் கண்ணுக்குத் தெரியாமலே அரிக்கும்.

முந்தி எங்கள் பக்கம் கமுகஞ்சலாகையைத்தான் தரைக்கு அடிப்பார்கள். பாதத்துக்கு அது கம்பியைவிட நல்லது. என்ன, வெடிப்புகளில் செள்ளுப் பூச்சிகள் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும். அதனால் இரண்டையும் கலந்திருக்கிறேன். தரை கம்பி, அதற்கு மேலே உறங்க ஒரு தடி. கோழி குந்தியதும் காலின் நாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே தடியைப் பற்றிக்கொள்ளும், தூக்கத்திலும் விடாது. இரவு முழுக்கப் பாதம் கம்பியில் படாது. ஒரு மூலையில் பலகைத் துண்டு ஒன்றும் உண்டு. கச்சான் காற்று வீசும் வெக்கையில், வியர்க்கத் தெரியாத கோழிக்கு அடியிலிருந்து வரும் காற்று பெரிய ஆறுதல். மாரியில் அதே காற்று குஞ்சுகளை விறைக்க வைத்துவிடும், பலகை அதற்காக.

வலையை வெட்டி அடித்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நிலத்தில் சிதறிய கம்பித் துண்டுகள் மினுங்கும், கோழி பொறுக்கும். இரைப்பையின் அமிலத்தில் நாகம் கரைந்து நஞ்சாகும். பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கூட்டைச் சுற்றிய மணலில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கூட்டிப் பெருக்கிய பிறகும் நான் இழுத்தபோது அதில் பதினேழு துண்டுகள் ஒட்டியிருந்தன.