கேட்ச்மென்ட்: தண்ணீர் நிற்கும் இடமா, வரும் இடமா?

சிங்கப்பூரின் குடிநீரைப் பற்றி எதைப் படித்தாலும் 'கேட்ச்மென்ட்' என்ற சொல் வந்துவிடும். தமிழில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அதை இரண்டு பொருளில் புழங்குகிறோம். 'அணையின் நீர்ப்பிடிப்பில் கனமழை' என்றால் மழை விழுந்து ஓடிவரும் மலையும் காடும். 'கண்மாய் நீர்ப்பிடிப்பில் வீடு கட்டிவிட்டார்கள்' என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். இரண்டும் வேறு வேறு நிலம். 'கேட்ச்மென்ட்' குறிப்பது முதலாவதை மட்டும்தான்.

ஆங்கிலத்தில் 'கேட்ச்' என்றால் பிடி. பழைய வடபிரெஞ்சு வழக்கிலிருந்து வந்த சொல். அங்கே வேட்டையாடு, துரத்து என்று பொருள். அதற்கும் மூலம் லத்தீனின் 'காப்தாரே'. மழைநீருக்கு 'கேட்ச்மென்ட்' என்று சொல்லும் வழக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. தமிழில் தண்ணீரோடு 'பிடி' ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது: குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறோம், மழை பெய்தால் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறோம். அதனால்தான் 'நீர்ப்பிடிப்பு' மொழிபெயர்ப்பு வாடை இல்லாமல் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழர் 'நீரேந்து பகுதி' என்பார்கள். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லின் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மழை நேரத்தில் நின்றால் போதும். நான்கு பக்க ஓட்டுச் சரிவும் உள்முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். சரிவுகள் கூடும் மூலைகளில் தண்ணீர் கொட்டும். முதல் மழையில் ஓட்டுத் தூசியெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் அண்டாவை நகர்த்தி வைப்பார்கள். அண்டா நிறைந்து வழிவது முற்றத்துத் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும், தெருச் சரிவில் ஓடி ஊருணியில் சேரும். இங்கே கூரையும் முற்றமும் தெருவும் நீர்ப்பிடிப்பு. அண்டாவும் ஊருணியும் தண்ணீர் நிற்கும் இடம். ஆண்டெல்லாம் ஓடும் ஆறு இல்லாத சீமை இது. வீட்டையும் தெருவையும் மழையை நினைத்தே கட்டினார்கள்.

'ஊருணி' என்பது ஊர் உண்ணும் நீர்நிலை. 'உண்' என்பதற்குக் குடித்தல் என்ற பொருளும் உண்டு. 'உண்ணுநீர் வேட்டேன்' என்று கலித்தொகையில் தண்ணீர் கேட்கிறான் ஒருவன். 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று வள்ளுவர் பாடியதும் இதைத்தான். பேச்சில் ஊரணி ஆகிவிட்டது, அதனால் குற்றமில்லை.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். தீவின் மொத்தப் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, தேக்கிவைக்கத்தான் இடமில்லை. இன்று மெக்ரிட்சி எனப்படும் முதல் நீர்த்தேக்கம் 1868இல் முடிந்தது. காட்டில் விழுந்த மழை அதற்கு வந்தது. ஊர் பெருகியபோது அது போதவில்லை. பக்கத்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. 1962இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். அது 2061இல் முடிகிறது.

அண்டை நாட்டை நம்பியே இருக்க முடியாது, புதிதாகக் காடு ஒதுக்கவும் நிலமில்லை. எனவே நகரத்தையே நீர்ப்பிடிப்பு ஆக்கினார்கள். அதற்கு முதல் தேவை, சாக்கடை தனியாகவும் மழைநீர் தனியாகவும் ஓடுவது. அடுத்தது ஆறு சுத்தமாவது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பகுதியையும் சுத்தம் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளும் ஆற்றோரத் தெருக்கடைகளும் இடம்பெயர்ந்தன. நம் செட்டியார்கள் கிட்டங்கி (வட்டித்தொழில் நடத்தும் இடம்) வைத்திருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் இந்த ஆற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2008இல் ஆற்று முகத்தில் மரீனா தடுப்பணை திறந்தது. அதன் நீர்ப்பிடிப்பு மட்டும் 10,000 ஹெக்டேர், தீவில் சுமார் ஏழில் ஒரு பங்கு. அலுவலகக் கட்டடங்களின் கூரையில் விழும் மழையும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. 2011 முதல் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு, நீர்த்தேக்கங்கள் 17.

கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் 2003இலும், கடல்நீரைக் குடிநீராக்கும் துவாஸ் ஆலை 2005இலும் வந்தன. இவை மழையை எதிர்பார்க்காத வழிகள், ஆகவே 'கேட்ச்மென்ட்' கணக்கில் வராதவை.

தமிழில் எழுதும்போது மழை விழுந்து ஓடிவரும் நிலத்தை மட்டும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று எழுதலாம். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீர்ப்பரப்பு என்ற சொல் இருக்கிறது, கண்மாயில் உள்வாய் என்கிறோம். தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். இந்த வேறுபாடு மனு எழுதுகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். ஊருணியைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பார்கள், நீர்ப்பிடிப்பையும் காப்பாற்றச் சொல்வார்கள். அந்தச் சொல் உள்வாயை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொண்டால், படிக்கட்டு வரை துப்புரவாக்கிய ஊருணிக்கு வரத்துக்கால் அடைபட்டே கிடக்கும். ஊருணியின் புல எண்ணோடு வரத்துக்காலின் புல எண்ணையும், தண்ணீர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.