உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கும் இளையோருக்கும் 25 சதவீதம்: சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் 25 சதவீதம் என்ற அளவு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று பெண்களுக்கானது, மற்றது இளையோருக்கானது. எண் ஒன்றாக இருப்பதால் உரிமையும் ஒன்றுதான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெண்களுக்கான 25 சதவீதம் சபையின் ஆசனங்களில் கணக்கிடப்படுகிறது. இளையோருக்கான 25 சதவீதம் வேட்புமனுவோடு முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை விளங்கிக்கொள்வது எளிது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது வடக்கில் உள்ளூராட்சி என்பது பல இடங்களில் செயலாளரும் பூட்டிய சபா மண்டபமுமாகவே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் யாழ்ப்பாண மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும், 2011இல் வடக்கின் பெரும்பாலான ஏனைய சபைகளுக்கும் தேர்தல் நடந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று பிரதேச சபைகளுக்கான தேர்தல் திரும்பத் திரும்பப் பிற்போடப்பட்டு 2018 பெப்ரவரியில்தான் நடந்தது. பெண்கள் அதற்கு முன் பதவிக்கு வராமல் இல்லை. 1998இல் யாழ்ப்பாண மாநகர முதல்வராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009 தேர்தலுக்குப் பின் யோகேஸ்வரி பற்குணராஜா அந்தப் பதவியை ஏற்றார். ஆனாலும் இவர்கள் விதிவிலக்குகளே. 2018க்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. போரில் கணவரை இழந்தோ, அவர் காணாமலாக்கப்பட்டோ, குடும்பப் பொறுப்பு முழுவதையும் பெண்கள் ஏற்றிருந்த கிராமங்களிலும், கிணறு எங்கே வெட்டுவது, எந்த ஒழுங்கைக்குக் கிரவல் போடுவது என்பதை பெரும்பாலும் ஆண்களே அமர்ந்த சபைகள்தான் முடிவு செய்தன.

இளையோர் ஒதுக்கீட்டின் வேர் வேறு ஒரு கிளர்ச்சியில் இருக்கிறது. தெற்கில் 1987 முதல் 1989 வரை நடந்த ஆயுதக் கிளர்ச்சிக்குப் பின், இளைஞர்களின் விரக்திக்கான காரணங்களை ஆராய ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 40 சதவீதம் இளைஞர்களாக இருக்க வேண்டும் என்ற விதி 1990இல் சட்டமானது. துப்பாக்கி ஏந்திய தலைமுறையைச் சபைக்குள் அழைப்பது என்ற எண்ணம், ஆகவே, இந்த நாட்டில் 2009க்கு வெகு முன்னரே சட்டத்தில் இடம்பிடித்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், வடக்கில் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் இந்த விதி கைவிடப்பட்டது. 2012 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கலப்புத் தேர்தல் முறையைக் கொண்டுவந்ததோடு, 40 சதவீதக் கட்டாயத்தை நீக்கி, பெண்களையும் இளையோரையும் சேர்த்து 25 சதவீதம் நிறுத்தலாம் என்று எழுதியது. “வேண்டும்” என்ற இடத்தில் “லாம்” வந்தால் கட்சிச் செயலாளர்கள் என்ன செய்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெண்கள் அமைப்புகளின் நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின், 2016 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பெண்களுக்கு ஆசனங்களில் 25 சதவீதத்தை உறுதி செய்தது. 2017 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தது. இளையோருக்கான 25 சதவீத வேட்புமனுக் கட்டாயம், 2018 தேர்தலுக்கும் 2025 மே 6 தேர்தலுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு திருத்தத்தின் மூலம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது

வாக்காளர் தன் வட்டாரத்தில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு வாக்குப் போடுகிறார். விருப்பு வாக்கு கிடையாது. சபை உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களில் வென்று வருகிறார்கள். 40 சதவீதத்தினர் விகிதாசாரப்படி வருகிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் மொத்த வாக்குகளின்படி உரித்தான ஆசனங்கள் முதலில் கணக்கிடப்படும். அதிலிருந்து அக்கட்சி வென்ற வட்டாரங்களைக் கழித்தால் மிஞ்சுவது விகிதாசார ஆசனங்கள். ஊர் வழக்கில் இவற்றைப் “போனஸ்” என்பார்கள். உரிமையோடு கிடைக்கும் ஆசனத்தை இனாமாகக் காட்டும் இந்தச் சொல்லை, பட்டியல் வழியாக வந்த பெண் உறுப்பினர்கள் சபையில் எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு கட்சியும் இரண்டு வேட்புமனுக்களை ஒப்படைக்க வேண்டும். வட்டார வேட்பாளர்களுக்கான முதலாவதில் 10 சதவீதம் பெண்களாகவும், மேலதிகப் பட்டியலான இரண்டாவதில் 50 சதவீதம் பெண்களாகவும் இருக்க வேண்டும். வாக்கெண்ணி முடிந்த பின், ஒவ்வொரு கட்சியிலிருந்தும் எத்தனை பெண்கள் வர வேண்டும் என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவிக்கும். வட்டாரங்களில் வென்ற பெண்கள் போக மீதியை, விகிதாசார ஆசனங்களுக்குப் பெண்களின் பெயர்களைக் குறித்துக் கட்சிச் செயலாளரோ சுயேச்சைக் குழுத் தலைவரோ நிரப்ப வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. மொத்த வாக்குகளில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்று, மூன்றுக்குக் குறைவான ஆசனங்களுக்கு மட்டும் உரித்தாகும் கட்சியோ குழுவோ பெண்களை நியமிக்கக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. காகிதத்தில் இது சிறிய விலக்குப் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

20 உறுப்பினர்கள் கொண்ட ஒரு பிரதேச சபையை எடுத்துக்கொள்வோம். 12 வட்டாரங்கள், 8 விகிதாசார ஆசனங்கள். பெண்களுக்கு 5 வர வேண்டும். முதல் கட்சி 50 சதவீத வாக்குப் பெற்று 10 ஆசனங்களுக்கு உரித்தாகிறது. அது 9 வட்டாரங்களை வென்றிருக்கிறது, வென்றவர்கள் எல்லோரும் ஆண்கள். அதற்கு மிஞ்சுவது ஒரே ஒரு பட்டியல் ஆசனம். இரண்டாம் கட்சிக்கு 30 சதவீதம், 6 ஆசனங்கள். 3 வட்டாரங்களை ஆண்கள் வென்றுவிட்டதால் 3 பட்டியல் ஆசனங்கள் மிச்சம். மீதமுள்ள இரண்டு சுயேச்சைக் குழுக்கள் ஆளுக்கு 10 சதவீதம் பெற்று இரண்டிரண்டு ஆசனங்களைப் பெறுகின்றன; விலக்கு இருப்பதால் அந்த நான்கிலும் ஆண்களையே நியமிக்கலாம். இரண்டு பெரிய கட்சிகளும் தம் பட்டியல் ஆசனங்கள் அனைத்தையும் பெண்களுக்கே கொடுத்தாலும் 4 பெண்களுக்கு மேல் வர வழியில்லை. அதாவது 20 சதவீதம். சட்டம் மீறப்படாமலே சட்டத்தின் இலக்குத் தவறிப்போகிறது.

2018இல் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஏறத்தாழ 2,000 பெண்கள் சபைகளுக்குள் வந்தார்கள். 2 சதவீதம் 20ஐத் தாண்டியது. ஒரே தேர்தலில் ஏற்பட்ட அந்தத் தாவலைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் 25ஐ நாடளாவிய அளவில் எட்ட முடியவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் வழியாகவே வந்தார்கள். வட்டார வேட்பாளர்களில் 10 சதவீதம் என்ற தாழ்ந்த அளவே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. வீடு வீடாக ஏறி வென்று வந்த உறுப்பினரிடம் மக்கள் நேரே வருவார்கள். பட்டியலில் வந்தவர் அடுத்த முறையும் தன் பெயர் இருக்க வேண்டுமென்று கட்சிச் செயலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் ஒதுக்கீட்டின் வழி திறந்த வாசல் பெரிய பதவிகளையும் தொட்டிருக்கிறது. 2018இல் கொழும்புக்கு முதல் பெண் மாநகர முதல்வராக ரோசி சேனாநாயக்க வந்தார். 2025இல் கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய இரு மாநகர சபைகளுக்கும் பெண்கள் முதல்வர்களானார்கள்.

இளையோரும் பிறப்புச் சான்றிதழும்

சட்டம் இளையோர் என்று சொல்வது 18 வயதுக்குக் குறையாத, 35 வயதைத் தாண்டாத ஒருவரை. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 2015 ஆம் ஆண்டுத் தீர்மானம் 2250 இளையோரை 18 முதல் 29 வரை என்று வரையறுப்பதால், பயிற்சிப் பட்டறைகளில் கேட்ட வயதைத் தேர்தல் சட்டத்தோடு கலக்கக் கூடாது. வேட்பாளர்களில் 25 சதவீதத்துக்குக் குறையாதோர் இந்த வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் வெற்றி பெற்ற பின் இத்தனை ஆசனங்கள் இளையோருக்கு என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெல்ல முடியாத வட்டாரங்களில் இளைஞர்களை நிறுத்திவிட்டு, பட்டியல் ஆசனத்தை மூத்தவர்களுக்குக் கொடுக்கும் கட்சி எந்த விதியையும் மீறவில்லை. இளம் பெண் ஒருவர் பெண்கள் கணக்கிலும் இளையோர் கணக்கிலும் ஒருசேர எண்ணப்படுவார் என்பதால், கட்சிகள் 35 வயதுக்குட்பட்ட பெண்களைத் தேடி அலைவது வேட்புமனுக் காலத்தில் வழக்கமான காட்சி.

வேட்புமனுவின் இறுதி நாளில் மாவட்டச் செயலகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். நண்பகல் 12 மணிக்குக் கதவு மூடப்படும். ஆட்சேபனைகளுக்கு அதன்பின் ஒன்றரை மணி நேரம். வேட்புமனுக்களை ஏற்கும் தெரிவத்தாட்சி அலுவலர் பெயர்களை எண்ணுவார், பெண்களை எண்ணுவார், பிறகு இளையோரின் பெயர்களுக்கு நேரே இணைக்கப்பட்ட வயது ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். ஒரு தாள் குறைந்தால் விழுவது அந்த ஒருவரின் பெயர் மட்டும் அல்ல. ஒதுக்கீட்டு எண்ணிக்கை குறைவதால் முழு வேட்புமனுவும் விழும். 2006இல் கொழும்பு மாநகர சபைக்கு ஒரு பெரிய தேசியக் கட்சி கொடுத்த வேட்புமனு, இளைஞர் வேட்பாளர் ஒருவரின் வயதுக் குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டது. அக்கட்சி மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேச்சைக் குழுவை ஆதரிக்க, அக்குழு வென்று, முச்சக்கர வண்டி ஓட்டுநராக இருந்த ஒருவர் தலைநகரின் முதல்வரானார். 2025 மார்ச்சிலும் நூற்றுக்கணக்கான வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பிறப்புச் சான்றிதழின் எந்தப் பிரதி செல்லும் என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், சிலவற்றை ஏற்கும்படி உத்தரவும் வந்தது.

போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வெறும் கடதாசிப் பிரச்சினையன்று. பையோடு பத்திரமும் போன பிள்ளைகள் இப்போது அந்த 18 முதல் 35 வயதுக்குள் இருக்கிறார்கள். பதிவாளரின் சான்றுடைய பிரதியைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே எடுத்து வைப்பதும், பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் தங்களுக்குப் போதுமா என்பதைத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வைப்பதும் புத்திசாலித்தனம். வேட்புமனு அறிவித்தலுக்குப் பின் கிடைக்கும் சில நாட்களில் இவற்றுக்காக அலைவது வீண்.

ஆசனம் இல்லாதவர்கள்

உறுப்பினராகாதவர்களுக்கும் சில வழிகள் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் இளைஞர் கழகமும் எழுத்தில் கோரினால், சந்தை, நூலகம், முன்பள்ளி, மயானம் போன்றவை பற்றிய குழுக்களில் தம் ஆட்களை உட்கார வைக்க முடியும். சபையின் பாதீட்டையும் வீதி வேலைகளின் மதிப்பீட்டையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சபை முடிவு செய்ய வேண்டும்.

உள்ளூராட்சிக்கு மேலே ஒதுக்கீடு மெலிந்துவிடுகிறது. நாடாளுமன்றத்துக்குப் பெண்கள் ஒதுக்கீடு இல்லை. மாகாண சபைகளுக்கு 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 30 சதவீதப் பெண் வேட்பாளர்களைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின் அங்கே தேர்தல் நடக்கவில்லை.

ஆகவே இப்போதைக்குக் கைக்கெட்டும் படி உள்ளூராட்சி மன்றமே. அதில் நிற்க விரும்புபவர் அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணின் பெயரும், கொழும்பில் வேலை செய்யும் இளைஞரின் பெயரும் பழைய முகவரியிலேயே நின்றுவிடுவது வழக்கம். ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பு மீளாய்வு நடக்கும்போது கிராம அலுவலரிடம் போய் வீட்டுப் படிவத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உரிமைக் கோரிக்கைக்கான காலம் முடியுமுன் விண்ணப்பம் கொடுத்து, அதன் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.