செக்யூரிட்டி கிளியரன்ஸ்: சொல் விளக்கம்

விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றி டிரேயில் போடுவதையும் சிலர் இப்படிச் சொல்கிறார்கள், அது வெறும் சோதனை. அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்றால், அரசின் ரகசியங்களை இந்த ஆளிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று அரசு விசாரித்துப் பார்த்து எடுக்கும் முடிவு. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படிகள் உண்டு.

வேர் லத்தீனின் 'கிளாருஸ்', அதாவது தெளிவான, ஒளியுள்ள. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கிளியர்' ஆனது. துறைமுகத்தில் சுங்கத்தையும் கட்டணங்களையும் கட்டிய கப்பல் கிளம்பலாம் என்று கொடுக்கும் சீட்டுக்கும் கிளியரன்ஸ் என்றுதான் பெயர். பாக்கி வைத்திருந்தால் கப்பல் நகராது. ஆளுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

கடனுக்கும் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஆல்ட்ரிச் ஏம்ஸைச் சொல்லலாம். சிஐஏ அதிகாரி, விவாகரத்துச் செலவிலும் கடனிலும் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, 1985 ஏப்ரலில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்கு நேரே நடந்துபோய் ரகசியங்களை விற்க 50,000 டாலருக்குப் பேரம் பேசியவர். பிடிபட்டது 1994-இல். பின்னாளில் 5 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கியபோதும் யாரும் உருப்படியாகத் துருவவில்லை என்பதுதான் கூத்து.

இப்போது அளவுகோல் 2017-இல் நடைமுறைக்கு வந்த 13 வழிகாட்டு நெறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, அதில் 'எஃப்' பண விவகாரம். எஸ்எஃப்-86 என்ற நீளமான படிவத்தின் 26-ஆம் பகுதியில், கடந்த 7 ஆண்டுகளில் ஏதாவது கடனில் 120 நாளுக்கு மேல் தவணை தவறியதா, திவாலானீர்களா, வரி கட்டாமல் விட்டீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்று எழுதினாலே கதவு சாத்தப்படும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அப்படியில்லை. வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து, துணையின் மரணம் போன்று கைமீறிய காரணங்களை ஏற்கிறார்கள், ஆனால் அந்தச் சமயத்தில் பொறுப்பாக நடந்துகொண்டாரா என்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கடனே இல்லாதவன் மாதிரி மறைத்து எழுதினால்தான் வம்பு, அது 'ஈ' என்ற நெறியின் கீழ் நேர்மைக் குறைவு என்று தனிக் குற்றச்சாட்டாகிவிடும். காலம் கடந்துவிட்டது, கடன் கொடுத்தவர் இனி வழக்குப் போட முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதையும் கடனைத் தீர்க்கும் நல்லெண்ண முயற்சியாக எண்ண மாட்டார்கள்.

சரி, தமிழில்? செய்தித்தாள்கள் 'பாதுகாப்பு அனுமதி' என்று எழுதுகின்றன. அது காவலருக்கு உள்ளே போகக் கொடுத்த அனுமதி போல ஒலிக்கிறது. 'பாதுகாப்புச் சான்றிதழ்' இன்னும் மோசம், கண்ணாடி போட்டு மாட்டுகிற சங்கதி இல்லை இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் ஈகன் வழக்கில், கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆள் தகுதியானவரா என்று அரசு கணிக்கிறது, அவ்வளவுதான். அதனால் என் ஓட்டு 'பாதுகாப்புத் தகுதி ஒப்புதல்' என்பதற்கு. பேச்சில் 'கிளியரன்ஸ்' என்றே இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே வரும் 'டெலிங்க்வென்ட் டெப்ட்' என்பதை 'வாராக்கடன்' என்று எழுதாதீர்கள், அது வங்கியின் கணக்குப் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். வாங்கியவர் பக்கம் அது 'தவணை தவறிய கடன்'.

ஒப்புதல் கிடைத்த பிறகும் கடன் அறிக்கையை, அதாவது ஒருவர் கடன்களை எப்படிக் கட்டுகிறார் என்ற பதிவை, தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்களுக்கு, சந்தேகம் வந்தால் காரணங்களை அடுக்கி ஓர் அறிக்கை வரும், பதில் எழுத 20 நாள். அதில் சாக்குப்போக்கைவிட, கடன் கொடுத்தவரோடு போட்ட தவணை ஒப்பந்தத்தின் நகலும் மாதாமாதம் கட்டிய ரசீதுகளும்தான் எடுபடும்.