மூன்று வருடத்தில் எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள்?

மலையகத்து வைத்தியசாலைகளில் வேலை செய்யும் என்னைப் போன்ற வைத்தியர்களிடம், "கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் ஒன்றும் தங்கவில்லை" என்று கண்கலங்கி வரும் பெண்கள் பெரும்பாலும் தனியாகவோ மாமியாருடனோதான் வருகிறார்கள். கணவர் எங்கே என்று கேட்டால் கொழும்பில் கடை வேலை, ஹோட்டல் வேலை என்று பதில் வரும். அப்போது நான் மேசையில் இருக்கும் கலண்டரை எடுத்து, கணவர் வீட்டுக்கு வந்து போன நாட்களை அவரோடு சேர்ந்து எண்ணத் தொடங்குவேன். தீபாவளிக்கு நான்கு நாள், பொங்கலுக்கு மூன்று நாள், தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு வாரம், இடையில் யாராவது இறந்தால் இரண்டு நாள் என்று கூட்டிப் பார்த்தால், மூன்று வருட இல்லற வாழ்க்கை ஐம்பது, அறுபது நாட்களுக்குள் அடங்கிவிடுவதுண்டு. அவற்றிலும் சில நாட்களை மாதவிடாய் எடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை ஏன் போடுகிறேன் என்றால், ஒரு மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். முட்டை சூலகத்திலிருந்து வெளியேறிய பின் 12 முதல் 24 மணித்தியாலம் வரையே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே பயனுள்ள காலம். முட்டை வெளியேறுவது எல்லோருக்கும் மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பதினான்காம் நாள் என்று நினைப்பது தவறு. அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்னர் அது நிகழ்கிறது. 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு 9 முதல் 14 வரையான நாட்களும், 35 நாட்களுக்கு ஒருமுறை வருபவருக்கு 16 முதல் 21 வரையான நாட்களும் முக்கியமானவை. அந்நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாகவும் இழுத்தால் நீளுவதாகவும் மாறுவதைப் பல பெண்கள் தாங்களாகவே உணர்ந்திருப்பார்கள். அதை நோயென்று பயந்து மருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

எனவே தூரத்தில் வேலை செய்யும் கணவர்மாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லீவை முடிந்தவரை பண்டிகைக்காக அல்லாமல் மனைவியின் திகதிக்காக எடுங்கள். ஐந்தாறு நாட்கள் தொடர்ந்து தங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். பல வாரங்கள் இடைவெளி விட்டு வருபவரின் முதல் விந்தில் பழைய அணுக்கள் தேங்கி அவற்றின் அசைவு குறைந்திருக்கக்கூடும் என்பதால், ஓர் இரவு மட்டும் தங்கிப் போவதால் பலன் குறைவு. இரண்டு குடும்பங்கள் ஒரே காம்பராவில் படுத்துறங்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கையில் அந்த ஐந்து நாளும் தனிமை கிடைப்பது எளிதல்ல என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. திருமணமாகி ஆண்டுகள் கடந்தும் பயத்தாலோ வலியாலோ முழுமையான உடலுறவே நிகழாத தம்பதியர் இருக்கிறார்கள். வெட்கத்தால் அதைச் சொல்லாமல் அவர்கள் மாத்திரை மட்டும் கேட்கிறார்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

ஒழுங்காகச் சேர்ந்து வாழும் நூறு தம்பதியரில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். அதன் பின்பும் தங்காவிட்டால் பரிசோதனை தேவை. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருபவர்கள் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் குழந்தைக்குப் பின் மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டு நிறுத்தியவர்கள் மட்டும் சற்றுப் பொறுக்க வேண்டும்: கடைசி ஊசிக்குப் பின் மீண்டும் கரு தங்க ஒன்பது, பத்து மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஊசி கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது என்று லயத்தில் பேசப்படுவது இந்தத் தாமதத்தை வைத்துத்தான்.

ஆண்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. இருந்தும் பெண்ணுக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நேர்த்திக்கடன், "கர்ப்பப்பையைக் கழுவுதல்" (உட்சுவரைச் சுரண்டி எடுப்பது) எல்லாம் முடிந்த பிறகே கணவர் ஒரு சாதாரண விந்துப் பரிசோதனைக்கு உடன்படுகிறார். காரணமின்றித் திரும்பத் திரும்பக் கழுவுவதால் கர்ப்பப்பையின் உட்சுவர் தழும்பேறி, இல்லாத பிரச்சினை உண்டாகலாம். விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள், குளிரில் விறைக்காமல் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். நுவரெலியாக் குளிரில் பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவது சரிவராது; ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது நல்லது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆவதால், இன்று புகையிலையையும் கசிப்பையும் (கள்ளச்சாராயம்) விட்டவரின் பலன் அடுத்த மாதமே தெரியாது. கடும் காய்ச்சலுக்குப் பின் செய்த பரிசோதனையும் தவறான பயத்தைத் தரலாம். மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் இறங்கக் கூடாது. சில பூச்சிகொல்லிகள் விந்தணுவைப் பாதிப்பது நிரூபணமான விடயம்.

பெண்களுக்கு உடல் எடை முக்கியம். மிகவும் மெலிந்தாலும் பருத்தாலும் முட்டை வெளியேறுவது தடைப்படலாம். எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே மாதவிடாய் சீராவதுண்டு. கரு தங்குவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். உங்கள் பகுதி மிட்வைப்பிடம் கேளுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம் காண்கிறோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நாம் பறிக்கும் இலையே நமக்கு எதிராக வேலை செய்யும் இடம் இது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வரும்போது இருவருமாக வாருங்கள், அன்றைய பேர் (நாட்கூலி) போனாலும் பரவாயில்லை. கடைசி ஆறு மாதவிடாய்கள் தொடங்கிய திகதிகள், கணவர் வீட்டிலிருந்த நாட்கள், போட்ட ஊசிகளின் அட்டை, பழைய பரிசோதனைத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் முதல் நாளே பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் இருவரிடமும் தனித்தனியாகவும் பேசுவேன். மாமியார் அந்நேரம் வெளியே வாங்கில் இருக்கட்டும்.