ஜுடீஷியல் செபரேஷன்: 'நீதித்துறைப் பிரிவு' தவறு, பிரிந்து வாழ்தலே சரி

'நீதித்துறைப் பிரிவு' என்ற சொல்லை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குடும்ப வழக்குகளைப் பற்றித் தமிழில் வரும் துண்டறிக்கை, யூடியூப் காணொளி, மனுவின் தமிழாக்கம் என எதை எடுத்தாலும் ஜுடீஷியல் செபரேஷனுக்கு இதையே போட்டு வைக்கிறார்கள். சில இடங்களில் இன்னும் மோசம், விவாகரத்து என்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். சென்னைப் பாரிமுனையில் மனுக்களைத் தமிழில் எழுதித் தரும் வேலையில் இருப்பவன் என்பதால், இந்த இரண்டு தவறுகளும் யார் தலையில் விடிகின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் பொருள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் கணவனோ மனைவியோ ஜுடீஷியல் செபரேஷன் கேட்டு மனு போடலாம். கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறு தொடர்பு என்று விவாகரத்துக்கு 13ஆம் பிரிவு சொல்லும் அதே காரணங்கள் இதற்கும் செல்லும். நீதிமன்றம் ஆணை தந்துவிட்டால், மனு போட்டவர் மற்றவரோடு சேர்ந்து வாழ வேண்டிய கடமை நின்றுபோகிறது. அவ்வளவுதான். திருமணம் அப்படியே இருக்கிறது. மறுமணம் செய்துகொண்டால் குற்றம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவர் வாரிசு. மனம் மாறிச் சேர்ந்துகொண்டால் ஆணையை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ சேராமலேயே இருந்துவிட்டால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம். 1976 திருத்தத்துக்கு முன் இது இரண்டாண்டாக இருந்தது.

சொல் பிறந்த கதை சிறியது. செபரேஷன் லத்தீனிலிருந்து வந்தது, தனியாக எடுத்து வைத்தல் என்று பொருள். இங்கிலாந்தில் திருமண வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்த காலத்தில், அவை திருமணத்தை முழுதாக முடித்து வைக்க மாட்டா. 'ஆ மென்சா எட் தோரோ', அதாவது மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பிரித்து வைக்கும் ஆணை மட்டும் தரும். 1857இல் வந்த சட்டம் அதற்கு ஜுடீஷியல் செபரேஷன் என்று புதுப் பெயர் வைத்தது. நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அந்தப் பழைய லத்தீன் தொடர் இன்னும் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம்தான். முஸ்லிம்களுக்குக் கணவன் சொல்லும் தலாக், மனைவி கேட்கும் குலா, 1939ஆம் ஆண்டுச் சட்டம் என்று வழி வேறு.

சரி, 'நீதித்துறைப் பிரிவு' எங்கிருந்து வந்தது? ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்டை 'நீதித்துறை நடுவர்' என்று எழுதுகிறோம். அது சரியான தமிழாக்கம். அவர் நீதித்துறையைச் சேர்ந்தவர், வருவாய்த்துறை அதிகாரியாக இருந்துகொண்டு நடுவர் வேலையும் பார்க்கிறவர் இல்லை என்று பிரித்துக் காட்ட அங்கே 'துறை' தேவைப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு, ஜுடீஷியல் என்று வருகிற இடத்திலெல்லாம் நீதித்துறை என்று ஒட்டிவிட்டார்கள். ஆனால் கணவன் மனைவி பிரிந்திருப்பது எந்தத் துறையைச் சேர்ந்தது? ஒரு துறையையும் சேர்ந்ததில்லை. நீதிமன்றம் ஆணை போட்டது என்பதுதான் அங்கே ஜுடீஷியலுக்குப் பொருள். இதை நம் பத்திரிகைக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். ஜுடீஷியல் கஸ்டடி என்பதை 'நீதிமன்றக் காவல்' என்றுதான் எழுதுகிறார்கள். 'நீதித்துறைக் காவல்' என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கைதிக்குச் சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்குக் கட்டியவளுக்கு மட்டும் ஏன் கைவரவில்லை?

பின்பாதி இன்னும் கெடுதல். பிரிவு நல்ல சொல்தான். பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிதலும் பிரிதல் நிமித்தமும்தான். திருக்குறளில் 116ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை. அந்தப் பிரிவில் தலைவன் தலைவிக்கு அந்நியன் ஆவதில்லை. உறவு இருக்கும், உடனிருப்பு இருக்காது. அதனால் பொருளளவில் செபரேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் தமிழில் கிடையாது. ஆனால் இன்றைக்கு அரசாங்கத் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு வேலை கொடுத்துவிட்டோம். சட்டத்தின் செக்‌ஷனும் பிரிவு, அலுவலகத்தின் செக்‌ஷனும் பிரிவு. 'பிரிவு 10இன் கீழ் நீதித்துறைப் பிரிவு கோரும் மனு' என்று ஒரு வரி போன மாதம் என் மேசைக்கு வந்தது. எழுதியவர் சட்டம் படித்தவர். அந்த வரியைப் படிக்கிற சாதாரண மனிதருக்கு என்ன புரியும்?

என்ன புரியும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், கையில் நான்காக மடித்த துண்டறிக்கை, அந்தச் சொல்லுக்கு அடியில் பேனாவால் கோடு. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் குடும்ப நல நீதிமன்றப் பக்கம் வெகுநேரம் அலைந்திருக்கிறார். "அண்ணா, இந்தப் பிரிவு எந்த மாடியில இருக்குதுன்னு கேட்டா யாருக்குமே தெரியலைன்றாங்க" என்றார். ஸ்டான்லி மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு என்று பலகை பார்த்துப் பழகியவர், வேறென்ன நினைப்பார்? அவர் வாசித்தது சரியான வாசிப்பு. தமிழ் இலக்கணப்படி 'நீதித்துறைப் பிரிவு' என்றால் நீதித்துறையில் ஒரு செக்‌ஷன்தான். "வூட்டுக்காரரோட இருக்க முடியாது, ஆனா வெட்டிவுடவும் மனசில்ல, பசங்க கீதுங்க" என்று தன் நிலைமையை ஒரே மூச்சில் சொன்னார். சட்டத்தின் 10ஆம் பிரிவு யாருக்காக இருக்கிறதோ அவரேதான் அவர். அந்த வசதி இருப்பதைச் சொல்ல வந்த சொல்லே அவரைத் தடுத்திருக்கிறது.

மக்கள் வாயில் பெயர்கள் மாறுவது எனக்குக் குறையாகப் படுவதில்லை. பக்கத்திலேயே அர்மேனியன் தெரு இருக்கிறது, அர்மேனியன் சர்ச்சும் இருக்கிறது. தமிழில் அது அரண்மனைக்காரன் தெரு. காதில் விழுந்ததை வைத்து ஊர் சூட்டிக்கொண்ட பெயர், அதனால் யாருக்கும் வழி தப்பியதில்லை. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, படிப்பவரை நினைக்காமல் எழுதுகிற மொழிபெயர்ப்பில்தான் வழி தப்புகிறது.

'சட்டப்பூர்வப் பிரிவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. முன்னதைவிடத் தேவலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். இது சட்டப்பூர்வம் என்றால், ஆணை வாங்காமல் அம்மா வீட்டில் இருப்பது சட்டவிரோதமா என்று கேட்கிறார்கள். கிடையாது. ஆணை இல்லாமல் பிரிந்திருப்பது குற்றமே இல்லை. மற்றவர் 9ஆம் பிரிவில் 'சேர்ந்து வாழ' மனு போடலாம். அந்த 9ஆம் பிரிவைக் கவனியுங்கள். 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை வழக்கறிஞர் குமாஸ்தாவிலிருந்து கட்சிக்காரர் வரை எல்லாரும் 'சேர்ந்து வாழ கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு எதிர்த்திசையில் போகிற மனுவுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று அந்த வழக்கே சொல்லித் தருகிறது. பிரிந்து வாழ மனு. கிடைப்பது பிரிந்து வாழும் ஆணை. முறையாக எழுத வேண்டிய இடத்தில் 'நீதிமன்ற ஆணைப்படி பிரிந்து வாழ்தல்' என்று எழுதலாம். நீளமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பிரிவு என்ற பெயர்ச்சொல்லை விட்டு வாழ்தல் என்ற வினைக்கு வந்துவிட்டால் மாடி தேடி யாரும் அலைய மாட்டார்கள்.

இனி விவாகரத்து. சமஸ்கிருத விவாகமும், 'ரத்' என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து ரத்து ஆனதும் சேர்ந்த கலவை. கலவை என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. ஊரெங்கும் புழங்குகிறது, பேச்சில் இருக்கட்டும். எழுத்தில் அது பொருளில் பிழை. ரத்து என்றால் இல்லையென்று ஆக்குவது. திருமணத்தை இல்லையென்று ஆக்கும் ஆணை வேறு இருக்கிறது, 11ஆம், 12ஆம் பிரிவுகளில். ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது நடந்த திருமணம், ஏமாற்றிச் செய்த திருமணம் முதலியவை செல்லாது என்று அறிவிப்பது அது. 13ஆம் பிரிவோ, திருமணம் ஒழுங்காக நடந்தது, இன்றோடு முடிகிறது என்கிறது. இரண்டுக்கும் ரத்து என்று எழுதினால் கட்சிக்காரருக்கு எது நடந்தது என்றே தெரியாது.

தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு மணமுறிவு என்பார்கள். தூய தமிழ், இனிமையான சொல், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறிவு தானாக நேர்வது. கோர்ட்டு வாசலை மிதிக்காமலேயே எத்தனையோ குடும்பங்களில் மணம் முறிந்து கிடக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மீளவே முடியாதபடி மணவாழ்க்கை முறிந்துபோயிருந்தால் அரசியல் சாசனத்தின் 142ஆம் உறுப்பின்கீழ் தானே திருமணத்தை முடித்து வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மணமுறிவுக்காரர்கள் எப்படித் தமிழில் எழுதுவார்கள்? 'மீளமுடியாத மணமுறிவின் காரணமாக மணமுறிவு' என்றா? காரணத்துக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல் வேண்டாமா? முறிவைக் காரணத்துக்கு வைத்துக்கொண்டு, விளைவுக்கு மணவிலக்கு என்று எழுதுவதே தெளிவு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. நீதிமன்றம் விலக்குகிறது, அதனால் விலக்கு. மதுவிலக்கு மாதிரி திருமணத்துக்குத் தடை என்று ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். விதிவிலக்கு, வரிவிலக்கு எல்லாம் குழப்பமில்லாமல் வழங்குகிற மொழியில் இதுவும் வழங்கும்.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்றால், ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் சோறு போகிறது. 'பேப்பர்ல எழுதி வாங்கிட்டோம்' என்று முத்திரைத்தாளோடு வருகிறார்கள். பெரியவர்கள் முன்னாலோ, காவல் நிலையத்திலோ, இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று கையெழுத்து. அதை விவாகரத்து என்று நம்பி மறுமணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். வழிவழி வழக்கத்தைச் சட்டம் ஏற்கும் சில சமூகங்கள் உண்டு, 29ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது, ஆனால் அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தாள் எதையும் முடித்து வைக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஜீவனாம்சம் கேட்டுப் போகும்போது வருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144. இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு அந்தப் பிரிவில் தொகை கிடையாது என்று அதிலேயே இருக்கிறது. கொடுமை தாங்காமல் வெளியே வந்த பெண், 'மனமொத்த பிரிவு' என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், அதே தாள் எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் ஆயுதமாகத் திரும்பி வரும். நீதிமன்றத்தில் 13பி பிரிவின் கீழ் சேர்ந்து மனு போட்டு வாங்கும் மணவிலக்கு முற்றிலும் வேறு. அதற்குக் குறைந்தது ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் வேண்டாமென்று விட்டுவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழு வருடம் பிரிந்திருந்தால் திருமணம் தானாக முடிந்துவிடும் என்பதும் ஊர்ப்பேச்சுதான். ஏழு வருடம் உயிரோடு இருக்கும் தகவலே இல்லாமல் போனால் மணவிலக்குக் கேட்க அது ஒரு காரணம், அதற்கும் மனு போட்டாக வேண்டும்.

ஜீவனாம்சத்தையும் இப்போது 'பராமரிப்பு' ஆக்கிவிட்டார்கள். பராமரிப்பு என்றால் எங்கள் பக்கம் மின்தடை அறிவிப்பு. ஜீவனாம்சம் வடசொல்தான், ஆனால் தண்டையார்ப்பேட்டையில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் அது என்னவென்று சொல்வார். அதை மாற்றத் தேவையே இல்லை. குழந்தை யார் பொறுப்பில் என்பதை 'குழந்தையின் காவல்' என்று எழுதுகிறார்கள், ஐந்து வயசுப் பிள்ளை ஏதோ ரிமாண்டில் இருப்பதுபோல. பொறுப்பு என்று எழுதினால் யாருக்குப் புரியாது? அப்பா வாரம் ஒருநாள் பிள்ளையைப் பார்க்க வருவது 'பார்வையிடும் உரிமை' ஆம். பார்வையிடுவது வெள்ளம் வந்த இடத்தை அமைச்சர். பெற்ற பிள்ளையைப் பெற்றவர் பார்க்கிறார், அது 'குழந்தையைப் பார்க்கும் உரிமை'. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. அங்கே போய் வாய்ப்பேச்சாகச் சொல்லும்போது எல்லாமே புரிகிற தமிழில்தான் நடக்கிறது. அதே பேச்சு தாளில் ஏறும்போது மட்டும் ஏன் முகம் மாறிப்போகிறது என்பதை எழுதுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியையாவது 'பிரிந்து வாழும் ஆணை' என்று திருத்திக் கொடுங்கள்.