சின்னம் அச்சடித்துவிட்டால் சாமான் நோட்டீஸ் ஆகிவிடுமா?

தேர்தல் நெருங்கினால் காரைக்குடியில் என் அச்சகத்துக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு அச்சுத் தொழிலோடு சம்பந்தமே இருக்காது. "வீட்டுக்கு வீடு எதையாவது கொடுக்க வேண்டும், புதுமையாக என்ன கொடுக்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். எவர்சில்வர் தூக்குவாளி, சாவிக்கொத்து, சுவர்க்கடிகாரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தேன். அண்மையில் வந்த ஆர்டரோடு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது. துணிப்பையின் ஒரு பக்கம் வேட்பாளர் படம், மறுபக்கம் சின்னம், உள்ளே அரை கிலோ சீப்புச் சீடை. கேட்டு வந்த தம்பி படித்தவர், ஆதரவாளர்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் களம் இறங்குகிறவர். வேண்டாம் என்றேன். "அண்ணே, இது மஞ்சப்பை, அரசாங்கமே வாங்கச் சொல்கிறது. சின்னமும் போட்டிருக்கிறோம், அப்புறம் இது விளம்பரம்தானே?" என்றார்.

இந்த நினைப்பை முதலில் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 123(1) பிரிவு லஞ்சத்தை முறைகேடான செயல் என்கிறது. வாக்கைக் கவரும் நோக்கத்தில் வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ கொடுக்கும் எந்தப் பரிசும் அதில் அடங்கும். பொருளின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. எத்தனை ரூபாய்க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஐம்பது ரூபாய் வரை கொடுக்கலாம் என்று ஒருவர் வருகிறார், நூறு ரூபாய் வரை கொடுக்கலாம் என்று அடுத்தவர் வருகிறார். இந்தக் கணக்கையெல்லாம் எந்த டீக்கடையில் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவு, கொடுப்பவரோடு வாங்குபவரையும் குற்றவாளியாக்குகிறது. 173இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; கொடுத்தது தின்பண்டம் மட்டும் என்றால் அபராதம். அரை கிலோ சீடைக்காக ஓர் ஆச்சியை அந்த வம்பில் இழுத்துவிட வேண்டுமா?

உண்மையில் சின்னம் அச்சடிப்பது உங்களுக்கே பாதகம். வெறும் பை பிடிபட்டால் அது யாருடையது என்று பறக்கும் படைதான் நிரூபிக்க வேண்டும். சின்னம் உள்ள பையில் அந்த வேலையை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம், அதுவும் மல்டிகலரில்.

"பெரிய கட்சிகள் டிவி கொடுத்தார்களே" என்பது அடுத்த வாதம். அது தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாக வந்து, ஆட்சிக்கு வந்தபின் அரசுப் பணத்தில் திட்டமாகக் கொடுத்தது. அத்தகைய வாக்குறுதி 123ஆவது பிரிவின்கீழ் முறைகேடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. வாக்குப்பதிவுக்கு முன்னால் உங்கள் கையிலிருந்து போகும் தூக்குவாளிக்கு அந்தத் தீர்ப்பு துணைக்கு வராது.

வெறுங்கையோடு யாரையும் அனுப்பாத ஊர் நம் ஊர் என்கிறார்கள். சரிதான், கொட்டானில் பலகாரம் வைத்துக் கொடுத்துப் பழகிய கைகள்தான் இங்கே. அதற்காக வாக்காளர் உங்கள் விருந்தாளி ஆகிவிட மாட்டார். அவர் வீட்டு முகப்பில் போய் நிற்பது நீங்கள்தான். சித்திரை வெயிலில் கட்சிப் பெயரில் மோர்ப்பந்தல் வைப்பதையும் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள். வாக்குக்காக உண்ணவும் குடிக்கவும் கொடுப்பது லஞ்சத்தின் ஒரு வகை என்றே சட்டம் சொல்கிறது.

ஊர்வலத்தில் தொண்டர்கள் தொப்பி, முகமூடி, துண்டு அணியலாம் என்று தேர்தல் ஆணையம் அனுமதிக்கிறது. அவை வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். சேலை, சட்டை போன்ற உடைகளைக் கொடுக்கவே கூடாது. கண்டாங்கிச் சேலையைத் துண்டாக வெட்டிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் வரும் என்று என்னிடம் கேட்டவரும் உண்டு. நான் எழுந்து மெஷினைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? கடையில் திருப்பி விற்க முடியாததை, ஆனால் வீட்டில் தூக்கி எறிய மனம் வராததைக் கொடுங்கள். என் அனுபவத்தில் அது தகவல் அட்டை. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு என்னும் கெட்டி அட்டை, உள்ளங்கை அகலம், மேலே ஒரு துளை. காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்கும். நம் பகுதியின் பெரிய வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 108ஐத் தெரியும். முதியோர் உதவி எண் 14567, இணையப் பண மோசடிக்கு 1930, வாக்காளர் உதவிக்கு 1950 ஆகியவை பலருக்குத் தெரியாது. எண்களைப் பெரிய எழுத்தில், குறைந்தது 24 பாயிண்டில் போடுங்கள். உங்கள் படம் மூலையில் இருந்தால் போதும். அட்டை முழுக்க முகத்தைப் போட்டு, எண்களை எறும்பு ஊர்வதுபோல் கீழே தள்ளுகிறவர்கள்தான் அதிகம். வார்டுக்கு வார்டு பின்பக்கத்தை மாற்றுங்கள்: தண்ணீர் வரும் கிழமை, ரேஷன் கடை நேரம், மின்வாரிய அலுவலக எண். இதைத் திரட்டத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். அந்த நடையே பாதிப் பிரசாரம்.

85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ளவர்களும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்கான 12டி படிவத்தை அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லும் ஒரு பிட் நோட்டீஸை எந்த வேட்பாளரும் என்னிடம் அடித்ததில்லை. அடித்துப் பாருங்கள், தேடி வந்து வாங்குவார்கள். நோட்டீஸின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் புள்ளிக் கோலம் ஒன்றைப் போடுங்கள். அந்தத் தாள் சாக்கடைக்குப் போகாது.

வாக்காளர் பெயர், வரிசை எண், வாக்குச்சாவடி எண் அடங்கிய சீட்டு மட்டும் வேறு கதை. அது வெள்ளைத் தாளில், வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ சின்னமோ இல்லாமல்தான் இருக்க வேண்டும். "ஓரத்தில் சின்னதாக ஒரு சின்னம்" என்று கெஞ்சாதீர்கள், போட மாட்டேன்.

சாமான் ஆர்டர் எடுக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கத் துணிபோல் இருக்கும் நான்வோவன் பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் கொடியும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. குழந்தைகள் கையில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துத் தெருவில் விடாதீர்கள், பிரசாரத்தில் அவர்களைப் பயன்படுத்தவே கூடாது. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அச்சுச் செலவை ஏற்றுக்கொள்கிறார் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தடை இருக்கிறது.

கடைசியாக, என் தலை தப்ப வேண்டிய விஷயம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி ஒவ்வொரு நோட்டீஸிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட வேண்டும். அதன் ஒரு பிரதியை அச்சிட்ட தாளோடு மாவட்ட ஆட்சியருக்கு நான் அனுப்பியாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பில் இல்லாமல் அடித்துக் கொடுங்கள் என்பவர்களுக்கும் இதே பதில்தான். அச்சுச் செலவு உங்கள் கணக்கில் ஏறத்தான் வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை முறையாகக் கொடுக்காவிட்டால் மூன்றாண்டு தகுதியிழப்பு வரை போகும். உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் விதிகளும் செலவு வரம்பும் தனி, அவற்றை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து பகலில் வாருங்கள். சாட்சிகள் இருவரையும் அழைத்து வாருங்கள். எண்களை நீங்களே ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துவிட்டு புரூஃபில் கையெழுத்துப் போடுங்கள். பிளேட் போட்டபின் திருத்தம் சொன்னால் அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான்.