கீ கீழே போகும் நாலு மில்லிமீட்டர்

சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், கண்ணில் முதலில் படுவது வண்ண விளக்குகள். அடுத்தது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ‘8000 ஹெர்ட்ஸ்’. இரண்டுமே விரலுக்குத் தெரியாத சங்கதிகள். கீ மேலிருந்து அடிவரை போகும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான் விரலுக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்குள் எந்த இடத்தில் கீ அழுந்தியதாகக் கணக்கு, எந்த இடத்தில் விட்டதாகக் கணக்கு என்பதில்தான் கேமிங்கும் டைப்பிங்கும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

அலுவலகங்களில் இருக்கும் சாதாரண கீபோர்டில் கீக்கு அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அழுத்தினால் அது மடங்கி, கீழே உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள்களைச் சேர்த்து வைக்கும். தாள்களில் அச்சிட்ட மின்தடங்கள் தொட்டால்தான் எழுத்து விழும். அதனால் கிட்டத்தட்ட அடிவரை குத்தியாக வேண்டும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச். செர்ரி நிறுவனம் 1980களில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்றைக்கும் இதற்கு இலக்கணம். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் விதவிதமாகச் செய்து குவிக்கின்றன. உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. பிளஸ் குறி போன்ற தலையுள்ள ஒரு தண்டு, அதன் கீழே ஸ்பிரிங், பக்கவாட்டில் மெல்லிய உலோக இதழ். தண்டின் ஓரத்திலுள்ள இரண்டு சின்னக் கால்கள் அந்த இதழைத் தள்ளிப் பிடித்திருக்கும். தண்டு இறங்கினால் கால்களும் இறங்கும், இதழ் எதிரே உள்ள தகட்டைத் தொடும், மின்சுற்று மூடும். எம்எக்ஸ் ரெட் (தண்டின் நிறம்தான் வகையின் பெயர்) ஸ்விட்சில் இது 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நடக்கிறது, 45 கிராம் எடையை வைத்த அளவு அழுத்தத்தில். அதற்கு அப்புறம் உள்ள 2 மில்லிமீட்டர் சும்மா போகும் பயணம்.

அந்தக் கால்களின் வடிவத்தில்தான் ஸ்விட்ச் வகைகள் பிரிகின்றன. கால் வழவழவென்று நேராக இருந்தால் லீனியர். ரெட், பிளாக் இந்த வகை. காலில் சின்ன மேடு வைத்தால் டேக்டைல், பிரவுன் இப்படி. விரல் அந்த மேட்டைக் கடக்கும்போது லேசாக இடறும், எழுத்து விழுந்துவிட்டது என்று கை தெரிந்துகொள்ளும். புளூ வகையில் தண்டின்மேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. மேட்டைத் தாண்டியதும் அது கீழே பாய்ந்து ‘டிக்’ என்று அடிக்கும். டைப் அடிப்பவருக்கு அது சங்கீதம். பக்கத்து அறையில் தூங்குபவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சத்தத்தை விடுங்கள், புளூவில் விளையாட்டுக்காரர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்த உறை திரும்ப மேலே ஏறி உட்கார வேண்டும் என்பதால், கீ பதிவாகும் இடமும் விடுபடும் இடமும் ஒன்றல்ல. 2.2 மில்லிமீட்டரில் பதிவான கீயை, அதைவிட நன்றாக மேலே தூக்கினால்தான் அடுத்த தட்டல் கணக்கில் வரும். ஒரே கீயை வேகமாக இரண்டு முறை தட்டும்போது இது கையைக் கட்டிப்போடும்.

மறுபக்கம் ‘ஸ்பீட் சில்வர்’ போன்ற ஸ்விட்சுகள். 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். ஆட்டத்துக்கு அருமை. ஆனால் அதே கீபோர்டில் கடிதம் எழுதிப் பாருங்கள்: விரலைக் கீமேல் சற்று அழுத்தமாக வைத்தாலே கூடுதலாக ஓர் எழுத்து விழுந்திருக்கும். ஆட்டத்துக்கு அவசரக்கார ஸ்விட்ச் வேண்டும். எழுத்துக்கு விரல் சும்மா படுவதைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்விட்ச் வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்பிரிங்கில் முழுமையாகப் பெற முடியாது.

சரி, அந்த 8000 ஹெர்ட்ஸ் என்ன செய்கிறது? கம்ப்யூட்டர் ஒரு வினாடிக்கு எத்தனை முறை கீபோர்டை விசாரிக்கிறது என்பதுதான் அந்த எண். சாதாரண கீபோர்டுகளில் 125 முறை, அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. கேமிங் கீபோர்டுகளில் பல காலமாக 1000 முறை என்பது வழக்கம். 1000 ஹெர்ட்ஸில் சராசரிக் காத்திருப்பு அரை மில்லிவினாடி. 8000 ஆக்கினால் அதிலும் பெரும்பகுதி மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் மொத்தச் சேமிப்பே அரை மில்லிவினாடிக்கும் கீழே. இதை விரலின் பயணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விரல் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் போக 10 மில்லிவினாடி ஆகும். பதிவாகும் இடத்தை 1.2 மில்லிமீட்டருக்கு உயர்த்தினால் 4 மில்லிவினாடி மிச்சம். எட்டு மடங்கு ஹெர்ட்ஸ் தருவதைவிட முக்கால் மில்லிமீட்டர் சொச்சம் தருவது பல மடங்கு அதிகம். போதாததற்கு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட மானிட்டர் முன்னால் 8000 ஹெர்ட்ஸ் கீபோர்டை வைப்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

இன்னொரு தாமதம் பெட்டியில் எழுதப்படுவதே இல்லை. உலோக இதழ் தகட்டைத் தொட்டதும் அப்படியே ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில தடவை துள்ளும். ஒரு தட்டலுக்கு மூன்று, நான்கு எழுத்து விழாமல் இருக்க, கீபோர்டுக்குள் இருக்கும் சிப் துள்ளல் அடங்கும்வரை சிக்னலை நம்பாமல் காத்திருக்கிறது. இதற்கு 5 மில்லிவினாடி வைப்பது பரவலான வழக்கம். கெட்டிக்கார ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சிப்பில் ஓடும் மென்பொருள், முதல் தொடுதலையே ஏற்றுக்கொண்டுவிட்டு, அடுத்த 5 மில்லிவினாடிக்கு வருவதையெல்லாம் புறக்கணிக்கும். வெளியே பார்த்தால் இரண்டு கீபோர்டும் ஒன்றுதான். உள்ளே 5 மில்லிவினாடி வித்தியாசம்.

தொடுதலே இல்லாவிட்டால் துள்ளலும் இல்லை. காந்த ஸ்விட்ச் அங்கேதான் வருகிறது. 1879ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் கண்டது இது: மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருந்தால், மின்னூட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும், தகட்டின் குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். புலம் கூடினால் அந்த மின்னழுத்தமும் கூடும். இதை வைத்துக் கீபோர்டு செய்வது புதிதல்ல. 1960களின் இறுதியிலேயே ஹனிவெல் செய்தது. இன்றைய வடிவத்தில் தண்டின் அடியில் ஒரு குட்டிக் காந்தம், கீழே சர்க்யூட் போர்டில் ஹால் சென்சார். கீ இறங்கினால் காந்தம் நெருங்கும், மின்னழுத்தம் மாறும். அழுந்தியதா இல்லையா என்பதோடு, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதும் கீபோர்டுக்குத் தெரிந்துவிடுகிறது.

இது தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் மென்பொருள் வேலை. பதிவாகும் ஆழத்தை நாமே வைக்கலாம். ஆட்டத்துக்கு அரை மில்லிமீட்டர், எழுத உட்காரும்போது 2 மில்லிமீட்டர் என்று இரண்டு புரொஃபைல் போதும். நெதர்லாந்தின் ஊட்டிங் நிறுவனம் பிரபலமாக்கிய ‘ரேபிட் டிரிக்கர்’ இன்னும் ஒரு படி போனது. அதில் விடுபடும் இடம் என்று நிலையான புள்ளி கிடையாது. கீ எந்த ஆழத்தில் இருந்தாலும், விரல் மேல்நோக்கிச் சற்றே திரும்பியதும் விட்டதாகக் கணக்கு. மறுபடி இறங்கத் தொடங்கினால் அழுத்தியதாகக் கணக்கு. கவுன்டர்-ஸ்டிரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுபவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே ஓடிக்கொண்டே சுட்டால் குறி தப்பும்; ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கக் கீயைத் தட்டிச் சட்டென்று நின்று சுட வேண்டும். இடப்பக்கம் நகர்த்தும் ஏ கீ (வலப்பக்கத்துக்கு டி) எவ்வளவு சீக்கிரம் விடுபடுகிறது என்பதுதான் அங்கே ஆட்டம்.

இதில் எல்லை மீறலும் நடந்தது. 2024ல் கேமிங் சாதனங்கள் செய்யும் ரேசர் நிறுவனம் ‘ஸ்னாப் டேப்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஏ, டி இரண்டையும் ஒன்றாக அழுத்தினால், கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே எடுத்துக்கொள்ளும். முதல் விரலை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. சில வாரங்களிலேயே, அந்த ஆகஸ்டில், வால்வ் தன்னுடைய கவுன்டர்-ஸ்டிரைக் 2 சர்வர்களில் இதைத் தடைசெய்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விரலின் வேலையைத் துல்லியமாக அளப்பது வேறு, விரலுக்குப் பதிலாக வேலை செய்வது வேறு. ரேபிட் டிரிக்கருக்கு அங்கே தடை வரவில்லை.

அளவுக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்து கீகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், கிட்டத்தட்ட எல்லா மெக்கானிக்கல் கீபோர்டிலும் 19.05 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம். சின்ன கீபோர்டு என்றால் கீகள் சிறுத்துவிடும் என்ற பயம் வேண்டாம், எண்ணிக்கைதான் குறைகிறது. 104 கீ உள்ள முழு கீபோர்டில் கீகள் மட்டுமே ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் அகலம். வலது ஓர எண்பலகையை நீக்கினால் 87 கீ. 75% என்ற அளவுப் பெயர், அதையே நெருக்கி அடுக்கியதற்கு. மேல்வரிசை எஃப் கீகளையும் எடுத்துவிட்டு அம்புக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டால் 65%. அம்புக்குறியும் போனால் 60%, 61 கீ, 28.6 சென்டிமீட்டர். முழு கீபோர்டைவிட 14 சென்டிமீட்டர் மிச்சம், அத்தனையும் வலது கையின் பக்கம். மவுஸ் வேகத்தைக் குறைத்துவைத்து, முழங்கையிலிருந்து கையை வீசிக் குறிபார்ப்பவர்களுக்கு அந்த இடம் தங்கம். விளையாடாதவருக்கும் மவுஸ் தோளுக்கு நேராக வந்துவிடும். நாள் முழுக்கக் கையை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

காணாமல்போன கீகள் எங்கே போயின? எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் கிடைக்கும் மறு அடுக்குக்கு. இந்த யோசனைக்கும் வயதாகிவிட்டது. ஜப்பானியக் கணினி அறிவியலாளர் எயிச்சி வாடாவின் வடிவமைப்பில் பிஎஃப்யூ நிறுவனம் 1996லேயே ‘ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு’ என்று 60 கீ கீபோர்டை விற்கத் தொடங்கியது. அதில் கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் கீ. இன்று கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஓடும் கீபோர்டு என்றால் அந்த மாதிரி மாற்றங்களை நாமே செய்து கீபோர்டுக்குள்ளேயே சேமித்துவிடலாம். வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும்.

இருந்தாலும் எல்லாம் மறு அடுக்கில் இருக்கிறது என்பதும் எல்லாம் கைக்கு எட்டுகிறது என்பதும் ஒன்றல்ல. எழுதியதைத் திருத்துபவர் அம்புக்குறிகளைத் தேடிக்கொண்டே இருப்பார். எக்செல்லில் கணக்கு பார்ப்பவருக்கு 60% ஒரு தண்டனை. தமிழில் தட்டச்சு செய்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1999ல் வந்த தமிழ்99 முறையில் ஆங்கில எழுத்துகளுக்கான கீகள் போதாமல், நிறுத்தக்குறிகளின் கீகளிலும் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. அதற்கு அடுத்த மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ. சில 61 கீ மாடல்களில் இந்தச் சாய்கோட்டுக் கீயையே மேல் அம்புக்குறியாகவும் பயன்படுத்துகிறார்கள். கைதவறி அந்த அம்புக்குறி நிலைக்குப் போய்விட்டால் தமிழ் என்று அடிக்கும்போது ழ வராது, கர்சர் மேல்வரிக்குப் போய்விடும். எண் வரிசையும் இல்லாத, இன்னும் சின்னதான 40% கீபோர்டுகளில் இந்தக் கீகளில் பல மறு அடுக்குக்கே போய்விடும். தமிழ்99 பழகியவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பது உத்தமம்.

ஒரே நேரத்தில் பல கீகளை அழுத்தும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 61 கீக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. 5 வரிசை, 14 நிரல் என்று 19 தடங்களில் சிப் சுற்றிச் சுற்றிச் சோதிக்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள கீகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் பின்வழியாகச் சுற்றிவந்து நாலாவது மூலையும் அழுந்தியதாகக் காட்டும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று போட்டால் இந்தப் பேய் கீ ஓடிவிடும். நல்ல மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இது இருக்கும். எத்தனை கீயை ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும் என்பதைச் சொல்லும் ‘என்-கீ ரோல்ஓவர்’ என்று எழுதியிருந்தால் கவலையே வேண்டாம்.

எழுத்து, ஆட்டம் இரண்டுக்கும் ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு 65%, தமிழிலோ ஆங்கிலத்திலோ நிறைய எழுதுபவராக இருந்தால் 75%. ஸ்விட்ச் என்றால், துப்பாக்கி ஆட்டம் தீவிரமாக ஆடுபவருக்குக் காந்த வகை. மற்றவர்களுக்கு 45 கிராம் லீனியரோ நிதானமான டேக்டைலோ போதும். கழற்றி மாட்டும் சாக்கெட் இருந்தால் பின்னால் மனம் மாறினாலும் ஸ்விட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: காந்த ஸ்விட்சுக்கான போர்டில் பொதுவாகச் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச் வேலை செய்யாது, அங்கே மின்முனைகளே இருக்காது. வயர்லெஸ் வேண்டுமென்றால் புளூடூத்தை எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறைசக்தி வகையில், பெரும்பாலான கருவிகளில், இரண்டு பரிமாற்றங்களுக்கு நடுவே குறைந்தது 7.5 மில்லிவினாடி இடைவெளி விழும். ஆடும்போது கேபிள், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். வாங்கும் முன் தொட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், எழுத்துக் கீகளை விட்டுவிட்டு ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும் தட்டிப் பாருங்கள். நீளமான கீ ஒரு பக்கம் சாயாமல் பிடிக்க அதன் அடியிலுள்ள ஸ்டெபிலைசர் கம்பியைச் சரியாகப் பொருத்தி கிரீஸ் தடவாமல் விட்டிருந்தால் கடகடவென்று ஆடும். மலிவாகச் செய்த போர்டு முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.